எதிரணி நாற்காலி

கைத்தட்டல் ஓயட்டும் என்று அவள் மைக் முன்னால் காத்து நின்றாள்.

நகர மன்றத்தின் ஆண்டு விழாப் பட்டிமன்றம். முதுகுக்குப் பின்னால் பேனர். ஒருபால் காதல்: மனநோயா, மனித இயல்பா?

நோயே என்ற அணிக்கு அவள்தான் கடைசிப் பேச்சாளர். எந்த அணியில் உட்கார வைத்தாலும் ஜெயித்துக் கொடுப்பாள் என்று கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பைப் பார்த்ததுமே முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே. கேட்டால் என்ன சொல்வது?

பேசினாள். மேடை பழகிய வாய். பாழாய்ப்போன வாய்.

போன மாதம் பக்கத்து ஊரில் நடந்த கொலையை எடுத்துப் போட்டாள். செய்தவன் அப்படிப்பட்டவனாம், யாரோ சொன்னார்கள். இன்றைக்கு நோய், நாளைக்குக் கத்தி, அப்புறம் பிணம் என்று அடுக்கினாள். எவனோ ஒருத்தனை வைத்து அத்தனை பேரையும் கூண்டில் ஏற்றினாள். மண்டபம் அதிர்ந்தது. இதைக் கேட்கத்தானே வந்திருக்கிறார்கள், சனியன்கள்.

முன்வரிசையில் அப்பா கை வலிக்கத் தட்டினார்.

அவர் பக்கத்தில் ஜெசிந்தா. அப்பாவைப் பொறுத்தவரை மகளின் ரூம்மேட், நல்ல பெண். மதுரையில் அவர்கள் இருவரும் நடத்துவது குடும்பம் என்று அவருக்குத் தெரியாது.

எப்படி வெளுத்து வாங்குகிறாள் பார் என்று ஜெசிந்தாவிடம் பெருமையாகச் சிரித்தார்.

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு அவளும் தட்டினாள்.

அதைத்தான் தாங்க முடியவில்லை.

முடிவுரைக்கு என்று வைத்திருந்த வரியை அவள் சொல்லவில்லை. மைக்கை விட்டு நகர்ந்து தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கினாள். நடுவருக்கு முன்னால் கடந்து போய், எதிரணி வரிசையில் போட்டாள். திரும்பி வந்து மைக்கைப் பிடித்தாள்.

“இவ்வளவு நேரம் என்னைப் பத்தித்தான் பேசினேன், ஐயா. எனக்கு நோயெல்லாம் இல்லை.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இப்படி ஒரு உத்தியை எவனும் பார்த்ததில்லையாம். விசில் வேறு.

அப்பா சிரிக்கவில்லை. அவள் வேண்டாம் என்ற மாப்பிள்ளைகள் எல்லாரும் அந்த முகத்தில் ஒவ்வொருவராக வந்து போனார்கள்.

அவருடைய வலது கை இடது மணிக்கட்டுக்குப் போனது.

அவளுக்குத் தெரியும். அடிப்பதற்கு முன் அவர் கடிகாரத்தைக் கழற்றிவிடுவார். பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான். மகளுக்கு என்ன ஆனாலும் சரி, கடிகாரம் உடையக் கூடாது. உயிரோடு இருந்தவரை அம்மாதான் அதை வாங்கி வைத்துக்கொண்டு நிற்பாள்.

இப்போது கழற்றியதை யாரென்றுகூடப் பார்க்காமல் பக்கத்தில் நீட்டினார்.

ஜெசிந்தா வாங்கிக்கொண்டாள்.

நடுவர் செண்பகராமன் தமிழ்ப் பேராசிரியர். சிரித்துச் சிரித்துக் கண்ணில் வந்த நீரைத் துண்டால் துடைத்துக்கொண்டார். நாற்காலியைத் தூக்கிப் போட்டால் போதுமா, ஒருபால் காதலர்களிடம் வன்முறை இல்லையென்றால் வேறு யாரிடம் இருக்கிறது என்று காட்ட வேண்டாமா என்று கேலியாகக் கேட்டார்.

“சான்று எங்கேம்மா?”

அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டே மேடைப் படியில் கால் வைத்தார்.

அவள் மைக்கை விடவில்லை.

“வந்துட்டிருக்கு, ஐயா.”