அவள் எழுதாத சொல்

“ஒரே வார்த்தையை ஒன்பது தடவை தப்பா எழுதியிருக்கு. நான் மார்க் போட மாட்டேன்.”

டோலோ சிவப்புப் பேனாவை மேசையில் வைத்தார். தேநீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கி, ஸ்பூனால் கோப்பை விளிம்பில் டக் டக் டக் என்று மூன்று தட்டுத் தட்டினார்.

“காலைலேருந்து இந்தத் தாளம்தான்” என்று எதிரில் இருந்த சிம்கிதா காதைப் பொத்திக்கொண்டாள்.

தென்னாப்பிரிக்காவின் கோமானி ஊரில் ஒரு பள்ளிக்கூட அறையில், கோசா மொழியை இரண்டாம் மொழியாகப் படித்தவர்களின் விடைத்தாள்களைப் பதினான்கு பேர் திருத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சிம்கிதாதான் இளையவள். டோலோதான் கறார். டோலோ என்பது குலப் பெயர். பெரியவர்களை அப்படி அழைப்பதே மரியாதை என்பதால், அவருக்கு வேறு பெயர் உண்டா என்று அங்கே யாரும் யோசித்ததில்லை.

“எவ்வளவுல நிக்குது?”

“இருபத்தெட்டு. முப்பது வந்தா பாஸ்.”

“ஸ்கூல் பிள்ளையா?”

“தனித்தேர்வர். நாலு பேர்கிட்ட சரளமா பேசியிருக்கும், அந்தத் தைரியத்துல பரீட்சைக்கு வந்துடுச்சு. எழுதினாத்தானே வண்டவாளம் தெரியுது.”

அதில் பொய் ஒன்றும் இல்லை. பேச்சில் வெளுத்து வாங்குகிறவர்கள் எழுத்தில் கோட்டைவிடுவது வருடாவருடம் நடப்பதுதான். நாக்கைச் சொடுக்கி ஒலிக்கும் மூன்று எழுத்தில் ஒன்று மாறினாலும் போச்சு, ‘கேட்கிறேன்’ என்று எழுத வந்தவர் ‘சொல்கிறேன்’ என்று எழுதி வைப்பார்.

டோலோவிடம் யாரும் சலுகை எதிர்பார்ப்பதில்லை. அன்று காலை மேற்பார்வையாளர் பூலெல்வா அம்மா எல்லோரிடமும் ஒரு படிவம் கொடுத்தார். ‘இந்த ஆண்டு உங்கள் குடும்பத்தில் யாராவது தேர்வு எழுதுகிறார்களா?’ டோலோ அதில் ‘யாருமில்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

“மகன் வீட்லயும் யாருமில்லையா?” என்று கேட்டு சிம்கிதா நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

மூன்று வருடத்துக்கு முன் மகன் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அன்றிலிருந்து அவன் வீட்டு வாசலை அவர் மிதித்ததில்லை. “நம்ம மரியாதை தெரியாத பொண்ணு எனக்கு மருமகளா?” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பேரன் பிறந்தபோதும் போகவில்லை. போகாதது உள்ளுக்குள் அவரை அரித்தது, ஆனால் வீம்பு விடவில்லை.

“கொஞ்சம் குடுங்க, பாக்கறேன்” என்று சிம்கிதா விடைத்தாளை இழுத்தாள்.

ஊரின் வறட்சி பற்றிக் குடும்பப் பெரியவர் ஒருவருக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருந்த கேள்வி. தண்ணீர் என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘இம்வோதோ’ என்று இருந்தது. ஒன்பதிலும் சிவப்புக் கோடு.

“இது தப்பில்லையே, டோலோ. எங்கம்மா பேசற வார்த்தை.”

“தண்ணிக்கு ‘அமான்சி’ன்னு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும். விடைக்குறிப்புல இந்த வார்த்தை இருக்கா? வீட்டு வேலைக்காரி பேசினதைக் கேட்டு அப்படியே எழுதியிருக்கும்.”

“சொடுக்கு எழுத்து ஒண்ணுகூட மாறல, பாருங்க. இவ்வளவு படிச்சவளுக்கு ‘அமான்சி’ தெரியாதா? தெரிஞ்சேதான் எழுதல.”

“தெரிஞ்சே யாராவது மார்க்கைத் தொலைப்பாங்களா?”

“மருமக தொலைப்பா. மாமனார் பேர்ல இருக்கிற சத்தம் வாயில வரக் கூடாது, கையிலயும் வரக் கூடாது. எங்கம்மா நாப்பது வருஷமா அப்படித்தான் சுத்தி வளைச்சுப் பேசறாங்க. இவ ஃபெயிலானாலும் பரவாயில்லன்னு உக்காந்திருக்கா. எந்த வீட்டுப் புண்ணியமோ.”

டோலோ விடைத்தாளைத் திரும்ப வாங்கினார். கோடு போட்ட கோபத்தில் கடிதத்தின் கடைசிப் பத்தியை அவர் சரியாகப் படித்திருக்கவில்லை. இப்போது விரல் வைத்துப் படித்தார்.

‘அப்பா, இந்தத் தேர்வை மூன்றாவது முறையாக எழுதுகிறேன். தேறிய பிறகுதான் உங்கள் வாசலுக்கு வருவேன், அதுவரை விட மாட்டேன். உங்கள் மகன் நலம். தேநீர் கலக்கினால் இன்னமும் கோப்பையில் மூன்று தட்டுத் தட்டுகிறார். இப்போது பையனும் தட்டுகிறான்.’

கோப்பையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பத்தியை இன்னொரு முறை படித்தார்.

“பூலெல்வா அம்மா, காலைல நான் குடுத்த படிவத்தை எடுங்க” என்றார். விடைத்தாளை சிம்கிதா பக்கம் தள்ளினார். “இதை நீ முதல்லேருந்து திருத்து. நான் தொடக் கூடாது.”

“ஏன், டோலோ? ரெண்டு மார்க்தானே, நீங்களே போடுங்களேன்.”

“விதின்னா விதிதான்.”

படிவம் வந்தது. ‘யாருமில்லை’ என்பதை அடித்துவிட்டு ‘மருமகள்’ என்று எழுதினார்.

“திருத்தம் பண்ணினா கீழே உங்க சொந்தப் பேரையும் எழுதணும்” என்றார் பூலெல்வா.

அந்த அறையில் ஒருவரும் ஒருநாளும் கூப்பிட்டிராத தன் பெயரை அவர் நிதானமாக எழுதினார்: மான்சி.