கறுப்புத் திரை

குற்றாலச் சாரல் தென்காசி அச்சகத்தின் தகரக் கூரையில் தாலாட்டுப்போலத் தட்டிக்கொண்டிருந்தது.

"புது விண்டோஸ்ல நம்ம பழைய சாஃப்ட்வேர் ஓடலைன்னா வேற ஆளைத்தான் போடணும், ஜெயபிரியா. புதுசுல எல்லாமே மவுஸ்தான். உனக்கு ஆகாது" என்றார் முதலாளி இசக்கிதுரை.

"இருவது வருசம் அடிச்ச விரலு, அண்ணாச்சி. சும்மா தூக்கிப் போட்டுருவீகளோ?"

சென்னையிலிருந்தபடியே கணினியைச் சரிசெய்துகொண்டிருந்த முத்துகுமரன் ஸ்பீக்கர் போனில் சொன்னான்:

"ஓடுதுக்கா. ஆனா திரை முழுக்கக் கறுப்பா இருக்கு. பிரிண்ட் மட்டும்தான் வரும். எழுத்தைப் பார்க்காம எப்படி அடிப்பீங்க?"

இசக்கிதுரை ஒரு கல்யாணப் பத்திரிகையின் வாசகத்தைச் சொல்லச் சொல்ல, ஜெயபிரியாவின் விரல்கள் கனவில் நடப்பவைபோல விசைகளில் நடந்தன. பிரிண்டர் முனகியது. அச்சாகி வந்ததை இசக்கிதுரை இரண்டு முறை வாசித்தார். ஒரு பிழையும் இல்லை.

"சரி, நாளைக்கும் வந்துரு."

"அக்கா, பார்க்காமலேயா அடிச்சீங்க?" போனில் குரல் வியந்தது.

"கறுப்பு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதுலே" என்றவள், மேசையோரம் தடவி வெள்ளைக் கோலை எடுத்தாள்.