ஏழாவது துண்டு

"இன்னொரு தடவை சொன்னே, கம்ப்யூட்டரைத் தூக்கி உன் தலையில போட்டுடுவேன்!"

அவன் கத்தின கத்தலில் ஆய்வுக்கூடமே திரும்பிப் பார்த்தது. பக்கத்து மேசைக்காரன் மட்டும் அசரவில்லை.

"தாராளமா போடு. அதுக்கு முன்னாடி அந்த நாலாவது இடைவெளியைக் கண்ணால ஒரு தடவை படிச்சிடு மாப்ள."

சும்மாவா அவனுக்கு 'நொய்நொய்' என்று பேர் வைத்தார்கள்!

இருவரும் ஆராய்ந்தது, உடம்பை வளரச் சொல்லும் ஒரு மரபணுவை. சேதி ஒரே இடத்தில் இருக்காது. துண்டு துண்டாகக் கிடக்கும், நடுவே இடைவெளிகளில் நீளநீளமாக வெற்று எழுத்துகள். ஆறு துண்டு கிடைத்துவிட்டது. ஏழாவதுதான் கண்ணாமூச்சி காட்டியது. அதைக் கண்டுபிடிப்பவன் பெயர்தான் கட்டுரையில் முதலில் வரும் என்று இயக்குநரம்மா சொல்லிவிட்டார்.

இரண்டு பேரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். நொய்நொய்க்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. இவனுக்கு இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. முதல் பெயர் வந்தால் பிழைப்பான். இல்லாவிட்டால் மனைவியோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

'நான் ஜெயிச்சிடக் கூடாதுன்னே, கம்ப்யூட்டர் சலிச்சுத் தள்ளின குப்பையைக் கிளறச் சொல்றான் படுபாவி!'

கடைசியில் தொல்லை தாங்காமல்தான், உன் வாயை அடைக்கிறேன் பார் என்று, நாலாவது இடைவெளியை எழுத்தெழுத்தாகப் படிக்க உட்கார்ந்தான். சாப்பாடு ஆறிப்போனது.

திடீரென்று நாற்காலி உருண்டது. அவன் வராந்தாவுக்கே ஓடி வந்துவிட்டான்.

"கிடைச்சிடுச்சு! ஐயோ, கிடைச்சிடுச்சுடா!"

டீயோடு எதிரே வந்த நொய்நொய், டம்ளரைப் போட்டுவிட்டு அவனை அப்படியே கட்டித் தூக்கினான். "அப்பாடா! இனி உன்னை எவனும் அசைக்க முடியாது மாப்ள!"

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "இதைப் போய் கம்ப்யூட்டர் எப்படிடா கோட்டை விட்டுச்சு?"

"பின்னே? அவ்வளவு பொடித் துண்டு அதுக்கு எங்கே தெரியும்? தூசின்னு தள்ளியிருக்கும்."

"அதானே..." என்றவன் சட்டென்று நின்றான். திரையை இன்னும் ஒருத்தரும் பார்க்கவில்லை.

"டேய், அது பொடித் துண்டுன்னு நான் சொல்லவே இல்லையே! உனக்கு எப்படித் தெரியும்?"

நொய்நொய் நாக்கைக் கடித்துக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்தான்.

"கத்தித் தொலைக்காதே! எனக்குத்தான் வேலை இருக்கே, முதல் பேரு எதுக்குடா? போ, தங்கச்சி காத்துக்கிட்டிருக்கும், முதல்ல வீட்டுக்குப் போன் போடு!"