ஆறினால்தான் கேட்கும்

“சார், இன்னிக்கும் சுடுது.”

மெக்கானிக் பானெட்டின் மேல் வைத்த கையை எடுத்து மருந்துக்கடைக்காரரிடம் நீட்டினார், வேண்டுமானால் சூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல.

“ராத்திரி பூரா வாசல்லதான்யா நின்னுச்சு.”

“நின்ன வண்டி சுடாது சார். இன்ஜின் ஆறியிருந்தாத்தான் சத்தம் வருதுன்னு நீங்கதானே சொன்னீங்க? மூணு நாளா விடியுமுன்னே எழுந்து வர்றேன். மூணு நாளும் உங்க வண்டி எனக்கு முன்னாடியே எழுந்திருச்சிடுது.”

“நான் பொய்யா சொல்றேன்? சாயங்காலம் கடையிலேர்ந்து கிளம்பும்போது கேட்டுச்சே. தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி. கொஞ்ச நேரத்துல தானா நின்னுடும்.”

“மேல இருக்கிற தகடு ஆடினாலும் அப்படித்தான் கேக்கும். உள்ளே செயின் தளர்ந்தாலும் அப்படித்தான் கேக்கும். தகடுன்னா ஒரு கிளாம்ப்போட முடிஞ்சுது. செயின்னா இன்ஜினையே பிரிக்கணும். காதால கேக்காம எதைச் சொல்றது?” மெக்கானிக் பையைத் தோளில் மாட்டினார். “உங்க வீட்ல யாரோ வண்டியை எடுக்கிறாங்க. முதல்ல அந்த ரிப்பேரைப் பாருங்க.”

யாரோ என்ன யாரோ. வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மருந்துக்கடைக்காரர். இன்னொருவன், வேலை தேடுகிறேன் என்று வந்து கூடத்து சோபாவோடு ஒட்டிக்கொண்ட மைத்துனன்.

“உன் தம்பி என் வண்டியில சவாரி ஓட்டுறான்” என்றார் மனைவியிடம்.

“அவனா? அவன் எழுந்திருக்கிறதே எட்டு மணிக்கு.”

“அதான் ஏன்னு கேக்கிறேன். விடியக்காலையில சுத்திட்டு வந்து மறுபடி படுக்கிறான்.”

“எங்க வீட்டு ஆளுன்னா உங்களுக்கு நடந்தாலும் குத்தம், படுத்தாலும் குத்தம்.”

மறுநாள் இருட்டு கலையுமுன் அவர் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றார்.

மைத்துனன் பூனை மாதிரி எழுந்தான். ஆணியிலிருந்து சாவியை எடுத்தான். கேட் கிறீச்சிடாதபடி தூக்கிப் பிடித்துத் திறந்தான். அதுவரை அவர் எதிர்பார்த்ததுதான். ஆனால் அவன் காரை ஸ்டார்ட் செய்யவில்லை. ஒரு கையை ஸ்டீயரிங்கில் வைத்து, தோளைக் கதவோரம் கொடுத்து, தள்ளிக்கொண்டே தெருவில் போனான்.

கைதேர்ந்த களவாணிதான் என்று நினைத்தபடி மருந்துக்கடைக்காரர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரமாகப் பதுங்கிப் பதுங்கிப் பின்னால் போனார். பாதி வழியில் ஒரு சந்தேகம் வந்தது. இந்த நேரத்தில் எவனாவது பார்த்தால் எங்கள் இரண்டு பேரில் யாரைத் திருடன் என்பான்?

தெருமுனை தாண்டி, ஒரு பூட்டிய கிடங்கின் பக்கத்தில் மைத்துனன் காரை ஸ்டார்ட் செய்தான்.

ஜலஜலவென்று கொட்டியது. மெக்கானிக் மூன்று நாளாகத் தவம் கிடந்த அதே சத்தம். மெல்லத் தேய்ந்து, நின்றது. மைத்துனன் வண்டியைத் திருப்பினான். வெளிச்சத்தில் அத்தான் நின்றார், கையில் செருப்போடு.

“சவாரி எந்தப் பக்கம்?”

“சவாரி இல்ல அத்தான். வீட்டுக்குத்தான்.”

“வீட்டுக்குப் போறதுக்கா வீட்லேர்ந்து தள்ளிட்டு வந்தே?”

“இன்ஜினைச் சூடு பண்ணலாம்னு...”

“எதுக்கு?”

மைத்துனன் ஸ்டீயரிங்கைத் தடவினான். “சொன்னா உங்களுக்குத்தான் சங்கடமா இருக்கும்.”

“எனக்கென்னடா சங்கடம்? சாயங்காலத்துக்குள்ள பெட்டியைக் கட்டு.”

வண்டி சத்தமே இல்லாமல் வீட்டுக்குத் திரும்பியது. கேட் ஓரமாகக் குப்பைக் கூடையோடு மாடிவீட்டுப் பெண் நின்றிருந்தாள்.

“சார், உங்களைப் பாக்கணும்னே இருந்தேன்” என்றாள் தணிந்த குரலில். “போன வாரம், காலையில நீங்க கடைக்கு வண்டியை எடுக்கிறப்ப வர்ற சத்தத்தைப் பத்தி வந்து கேட்டப்ப, ‘கார்னா சத்தம் போடும், குழந்தைன்னா அழும், சகிச்சுக்கம்மா’ன்னு சொல்லிட்டீங்க. மேல போய் நானும் அழுதேன்.”

மருந்துக்கடைக்காரர் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டார்.

“ஆனா மறுநாளே சரி பண்ணிட்டீங்க. ராத்திரி பூரா கத்திட்டு விடியும்போதுதான் குழந்தை கண்ணசரும். இப்ப திடுக்குன்னு எழுந்திருக்கிறதே இல்ல. நானும் கொஞ்சம் தூங்குறேன். ரொம்ப நன்றி சார்.”

அவர் வாயைத் திறந்தார். மைத்துனன் முந்திக்கொண்டான்.

“அத்தான் அப்படித்தாங்க. முதல்ல கொஞ்சம் சத்தம் போடுவார். அப்புறம் அடங்கிடுவார்.”

அன்று சாயங்காலம் பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. மெக்கானிக்குக்கு மட்டும் ஒரு போன் போனது: நாளைக்கு வாசலுக்கு வர வேண்டாம், கிடங்குப் பக்கம் வந்து நில்லுங்கள்.

மறுநாள் மெக்கானிக் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது. ஸ்டார்ட் செய்யச் சொல்லி, நீண்ட திருப்புளியின் முனையால் ஒவ்வோர் இடமாகத் தொட்டவர், ஓர் இடத்தில் அழுத்தினார். சத்தம் கப்பென்று நின்றது.

“தகடுதான் சார். ஒரு கிளாம்ப் போதும்.” பிறகு இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். “அது சரி, வாசல்லயே ஸ்டார்ட் பண்ணாம எதுக்கு இம்புட்டு தூரம் தள்ளிட்டு வந்தீங்க? உங்களுக்கு மூச்சு வாங்குது பாருங்க.”

“மாடியில ஒரு குழந்தை தூங்குதுய்யா” என்றார் மருந்துக்கடைக்காரர், முகத்தைத் துடைத்துக்கொண்டே. “இவனுக்கு அது போன வாரமே காதுல விழுந்துச்சு. எனக்கு நேத்துதான்.”