கடிக்கக் கூடாத நாய்

எருமையின் காய்கறிக் கடைக்கு நாய்தான் காவல். முன்கோபம் அதன் பிறவிச் சொத்து. எருமையோ, "யாரையும் கடிக்காதே, துரத்தாதே, திருடன்னு சொல்லாதே. கடை பேர் கெட்டுப்போகும். ஆனா இன்னொரு கோஸ் காணாமப் போச்சுன்னா உனக்கு வேலை கிடையாது" என்று சொல்லிவைத்திருந்தது.

ஆட்டுக்கு இந்தச் சட்டமெல்லாம் மனப்பாடம். ஒரு முட்டைக்கோஸைச் சால்வைக்குள் செருகிக்கொண்டு, "வரட்டுமா தம்பி, இன்னைக்கும் கடிக்கலையா?" என்று நக்கலடித்தபடி வாசலுக்கு நடந்தது.

நாய் பல்லை நறநறவென்று கடித்தது. பிறகு வாலை ஆட்டிக்கொண்டே பக்கத்தில் போய், கடை முழுக்கக் கேட்கும்படி, "அண்ணாச்சி, சால்வைக்குள்ள கோஸ் நழுவுது பாருங்க. எடை போட்டதும் ஒரு பை தரட்டுமா?" என்றது.

கடையிலிருந்த அத்தனை தலைகளும் திரும்பின. ஆடு தாடியைத் தடவிக்கொண்டது. "எடை போடத்தானே போய்க்கிட்டிருக்கேன்" என்று முனகிக்கொண்டே திரும்பிப் போய்க் காசை எடுத்து வைத்தது.

காசு கைமாறியதுதான் தாமதம், ஆட்டுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்ப்பா, காசு குடுத்து வாங்குறவனுக்குக் கொசுறாக் கொஞ்சம் கறிவேப்பிலை கிடையாதா? என்னப்பா கடை நடத்துறீங்க?"

நாய் மனசு நிறைந்து, இரண்டு கொத்தாகவே எடுத்துக் கொடுத்தது.