சாக்கடையில் கேட்ட மேளம்

ஒரு கால்பந்து கிளப்பின் சாமான் அறையில் பந்தும் ரசிகர்களின் மேளமும் பக்கத்தில் பக்கத்தில் குடியிருந்தன. "என் உசுரே இந்த கிளப்தான்" என்று மேளம் வாய் ஓயாமல் சொல்லும்.

சனிக்கிழமை பெண்கள் அணிக்கு அரையிறுதி. பந்து கிளம்பியது. மேளம் அசையவில்லை.

"நீ வரலையா?"

"வானம் மூடிக் கிடக்குதுப்பா. ஒரு தூறல் பட்டாலும் என் தோல் தொய்ஞ்சுடும். நம்ம பொண்ணுங்கதானே, ஜெயிச்சா வந்து சொல்லு."

சாயங்காலம் பந்து திரும்பியது. "ஜெயிச்சாச்சு. செல்வராணி பாதி மைதானத்திலிருந்து அடிச்சா. நேரா வலைக்குள்ள போய் விழுந்தேன். பார்க்கத்தான் ஒரு காக்காயைத் தவிர யாருமில்ல."

"நல்லாத்தான் ஆடுறாங்க. ஆனா உதையில ஒரு வேகம் வேணாமா?"

பந்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிய்ந்திருந்த தன் தையலைக் காட்டியது. "இது என்ன, கொசு கடிச்சதா?"

"சரி சரி, கோவிச்சுக்காதே" என்று மேளம் புரண்டு படுத்துக்கொண்டது.

மறுநாள் ஆண்கள் அணியின் ஆட்டம். கொட்டுகிற மழையில் மேளம் முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தது. எதிரணி கோல்கீப்பர் வழுக்கி விழுந்து கிடந்தார். கோல் பத்தடி தூரத்தில் திறந்து கிடந்தது. நட்சத்திர வீரர் ஓங்கி ஓர் உதை விட்டார். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து, மதிலையும் தாண்டி, தெருச் சாக்கடையில் போய் விழுந்தது.

கழுத்தளவு சேற்றில் கிடந்த பந்துக்கு, மைதானத்து இரைச்சலையெல்லாம் மீறி, தொய்ந்துபோன அந்தத் தோலின் குரல் கேட்டது:

"அடேங்கப்பா! உதைன்னா இதுல்ல உதை!"