ஆடாமல் நின்றவள்

டீ பெல் அடித்ததும் கம்பெனியின் குழந்தைகள் அறைக்கு ஓடினேன். பத்து நிமிடம்தான்.

மகள் அஃப்ஷீன் பாய் நடுவில் பந்தோடு உட்கார்ந்திருந்தாள். ஜட்டி காய்ந்திருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

"காலையில பாத்ரூம் சட்டியில உக்கார வெச்சேனுங்க. கத்திக்கிட்டு எந்திரிச்சுட்டா. கொஞ்ச நேரங்கழிச்சுப் பாயிலயே போயிட்டா," என்றார் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அமராவதியக்கா. "வாரம் பூரா இதே கதைதான். இன்னும் நாளாகும் போலிருக்குதுங்க."

நாள் இல்லை. இன்று சனிக்கிழமை.

பாத்ரூம் வந்தால் தெரியப்படுத்துகிற குழந்தையைத்தான் திங்கட்கிழமை பெரிய அறையில் சேர்ப்பார்கள். சின்ன அறையில் அவள் இடத்துக்கு ஒரு கைக்குழந்தை வருகிறது. சேர்க்காவிட்டால் அவளை வீட்டில் வைத்துப் பார்க்க ஆள் கிடையாது. அவள் அப்பாவுக்குக் காங்கேயத்தில் எண்ணெய் மில்லில் லோடு ஏற்றும் வேலை, ஞாயிறு மட்டும் வருவார். நான் வேலையை விட வேண்டியதுதான்.

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'உங்கள் குழந்தை தயாரா?'

எழுத்துப் படிக்க எனக்குப் போன வருடம்தான் வந்தது. தினமும் டீ நேரத்தில் ஒரு வரி என்று கூட்டிக் கூட்டி, அந்தத் தாளை நேற்றுதான் முடித்திருந்தேன்.

இரண்டு மணி நேரம் நனைக்காமல் இருக்க வேண்டுமாம். இருக்கிறாள். ஈரத்தோடு இருக்கப் பிடிக்கக் கூடாதாம். நனைந்த நொடியில் கழற்றி எறிகிறாள். தானே ஜட்டியை இறக்கத் தெரிய வேண்டுமாம். அதெல்லாம் விருந்தாளி முன்னால்கூட இறக்குவாள்.

கடைசி வரியில்தான் இடித்தது. 'தன் தேவையை ஏதாவது ஒரு விதத்தில் தெரியப்படுத்தும்.'

அஃப்ஷீனுக்கு மொத்தமே நான்கு சொல். அம்மா, பூனை, தா, மாட்டேன்.

"ஆனா இவ தங்கமான புள்ளைங்க," என்றார் அமராவதியக்கா. "மத்ததெல்லாம் முடியப் புடிச்சு இழுக்குது. இவ பாருங்க, விளையாட்டு நடுவுல போட்டோவுக்கு நிக்கற மாதிரி நின்னுக்குவா. ஒரு தொந்தரவு இல்ல."

பார்த்தேன். பந்து தனியாக உருண்டுகொண்டிருந்தது.

எழுந்து நின்றிருந்தாள். இடது பாதம் வலது பாதத்தின் மேல் ஏறியிருந்தது. முட்டி இரண்டும் ஒட்டியிருந்தன. ஒரு கை சட்டை ஓரத்தைச் சுருட்டிப் பிடித்திருந்தது. கண் எதிர்ச்சுவரில் நின்றது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டாள்.

"அக்கா, சட்டியக் குடுங்க."

"காலையிலதானுங்க அப்படிக் கத்துனா."

"அப்ப வரல. இப்ப வந்துருக்குது."

அவளைத் தூக்கவில்லை. சிவப்புச் சட்டியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். சட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தானே ஜட்டியை இறக்கினாள். உட்கார்ந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருநூறு தையல் மிஷின். டீ நேரமாகையால் எல்லாம் ஓய்ந்திருந்தன. சட்டியில் விழுந்த சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது.

முடித்து எழுந்தவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு குழந்தையிடமாகக் காட்டக் கிளம்பினாள்.

"கொட்டிப்போடாத கண்ணு," என்று பின்னாலேயே ஓடினார் அமராவதியக்கா. "கப்பு வாங்குனவளாட்டம் போறா பாரு."

சட்டியைப் பிடுங்கி வைத்துவிட்டு வந்து, பெரிய அறைப் பட்டியலில் ஒரு பெயரை எழுதினார். நான் அதைக் கூட்டிப் படிக்கவில்லை. ஒரே பார்வையில் படித்தேன்.

"பதினேழு வருஷமா புள்ளைங்களப் பாக்கறேன். எனக்குத் தெரியல. உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

கீழே பார்த்தேன். என் இடது கால் வலது காலின் மேல் ஏறியிருந்தது. கை சுடிதார் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்திருந்தது.

பெல் அடித்தது.

எங்கள் தையல் லைனில் எனக்கு நல்ல பேர். புதிதாகச் சேரும் பெண்களை சூப்பர்வைசர் தனபால் என் மிஷினுக்குக் கூட்டி வந்து காட்டுவார். நாலு வருஷத்தில் இந்தக்கா இடத்தை விட்டு எந்திரிச்சதில்ல, ஒரு தொந்தரவு இல்ல என்பார்.

முப்பது பேருக்கு பாத்ரூம் போக ஒரே அட்டை. அவர் மேஜைக்கு மேல் ஆணியில் தொங்கும். எல்லோர் முன்னாலும் கேட்டு வாங்க வேண்டும். நான் கேட்டதில்லை. என் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் வரை நிறைந்தே இருக்கும். டீ நேரம் ஒன்றுதான் எனக்கு உண்டு. அதையும் இந்த வாரம் மகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

லைனுக்குள் வந்தேன். ஆணியில் அட்டை இல்லை, யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.

என் மிஷினைத் தாண்டி நடந்தேன்.

"அக்கா, பெல் அடிச்சாச்சுங்க," என்றார் தனபால். "எங்க போறீங்க?"

"ஒன்னுக்குங்க," என்றேன், முப்பது மிஷினுக்கும் கேட்கும்படி.

நிற்கவில்லை.